ஒன்றும் சின்ன எல்லும்

அந்தச் சத்தம் வந்தபோது நான் தயிர்சாதத்தில் விழுந்திருந்த காகிதப் பொட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கடுகளவுப் பொட்டுகள். காகித டேப்பில் ஓட்டை போடும் மெஷின் கடித்துத் துப்பியவை. தலைமுடியில், ரவிக்கைக் கையில், டிபன் டப்பாவில் என்று அவை போகாத இடம் கிடையாது. வீட்டுக்குப் போய்த் தலை வாரினால் தரையெல்லாம் அட்சதை போட்டதுபோல் கிடக்கும்.

முதலில் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் 'டணார்' என்று ஒன்று. பக்கத்து ஷெட்டில் லேத்துகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஷெட் மட்டும் நின்றுவிட்டது.

சாப்பிட்ட கையோடு ஓடினேன். புது மெஷின் முன்னால் ஆறுமுகம் இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றார். தரையில் டிரில் பிட் இரண்டாகக் கிடந்தது. வெட்டும் எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. துளை விழ வேண்டிய இரும்பு வார்ப்பை விட்டுவிட்டு, வார்ப்பைப் பிடித்திருந்த கிளாம்பின் தலையில் போய் மெஷின் துளை போடப் பார்த்திருக்கிறது. கிளாம்ப் எஃகு. அது விடுமா? டிரில் போயிற்று, கூடவே வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காதும் விரிசல் விட்டுவிட்டது.

"நான் தொடவே இல்ல ஸ்டெல்லாம்மா. தொட்டிருந்தா ஒத்துக்குவேன். இது நானா? டேப்பு இன்னா சொல்லுதோ அதானே செய்யும்?" என்றார் ஆறுமுகம்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் கணபதி ராவ் வந்தார். டிரில்லைப் பார்த்தார், வார்ப்பைப் பார்த்தார்.

"மெஷின்ல யாரு இருந்தது?"

"நான்தான் சார்."

"ஆயித்து" என்றார் ராவ். கன்னடத்தில் அதற்கு 'முடிந்தது' என்று அர்த்தம். ஆறுமுகத்தின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

ஏனென்றால் எங்கள் தொழிற்சாலையில் இரண்டு மெமோ வரை எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு. ஆறுமுகம் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று, வீடு இருந்த நீலசந்திராவிலிருந்து பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்ததற்கு. இன்னொன்று, கேன்டீன் சாம்பாரை மெஷின் டேங்கில் ஊற்றினால் நன்றாக வெட்டும் என்று கேன்டீன் மேனேஜர் காதில் படும்படி சொன்னதற்கு.

ரிப்பனில் ஓட்டை

இப்போது சந்துக்குச் சந்து 'சி.என்.சி. கற்றுத் தரப்படும்' என்று, கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினுக்கு, போர்டு தொங்குகிறது. நான் சொல்வது அறுபதுகளின் பின்பாதி. வருஷம் எது என்று கேட்காதீர்கள், தைரியமாகத் தப்பாகச் சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மெஷினுக்குள் மூளை கிடையாது. ஒரு காகித நாடாவில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தால், அந்த ஓட்டைகளைத் தடவிப் படித்து, அது சொன்ன இடத்துக்குப் போய்த் துளை போடும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

கப்பலில் வந்த மெஷின். கூடவே ஹான்ஸ் என்று ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரும் வந்தார். டேப் அடிக்கும் கருவி பார்ப்பதற்கு டைப்ரைட்டர் மாதிரியே இருந்ததால், டைப்பிங் பிரிவிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பச் சொன்னார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி சரோஜா. எங்களுக்கு அறிவு அதிகம் என்று யாரும் நினைத்துவிடவில்லை.

சரோஜா மல்லேஸ்வரம். வீட்டில் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். டைப்பில் ஹையர் பாஸ் செய்தவள். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாக அடிப்பாள், ஒரு பிழை இருக்காது. நான் லிங்கராஜபுரம், ஹையர் எழுதி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டவள். "என் பொண்ணு கம்பெனியில ரிப்பன்ல ஓட்டை போடுறா" என்று அம்மா மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை பெண் தலையில் தூவ அந்தக் காகிதப் பொட்டுகளைப் பை பையாக வாங்கிப் போனார்கள். என் படிப்பால் ஊருக்குக் கிடைத்த முதல் பலன் அது.

ஹான்ஸின் வகுப்பில் முதல் இரண்டு நாள் இன்ஜினீயர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் மீட்டிங் வந்தது. மிஞ்சியது ஆறுமுகம், சரோஜா, நான்.

கட்டம் போட்ட தாளில் ஹான்ஸ் ஒரு புள்ளி வைப்பார். வார்ப்பின் இடது மூலை பூஜ்யம். அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு என்பது எக்ஸ், மேலே எவ்வளவு என்பது ஒய். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஹான்ஸ் வெளியே போனதும் ஆறுமுகம் சொன்னார்:

"ரொம்ப யோசிக்காதீங்க. நீலசந்திரா பஸ் ஸ்டாப்பு பூஜ்யம். கிழக்கால பத்து வீடு, வடக்கால மூணு வீடு போனா என் வூடு. பத்து எக்ஸு, மூணு ஒய்யி. வூட்டாண்ட வந்து கதவைத் தட்றதுதான் டிரில்லு."

அதற்கப்புறம் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இன்றைக்கும் எக்ஸ், ஒய் என்று யாராவது சொன்னால் அந்த பஸ் ஸ்டாப் ஞாபகம் வருகிறது.

கடைகளில் கிலோவும் மீட்டரும் வந்து சில வருஷம் ஆகியிருந்தாலும் மெஷின் இஞ்சைத்தான் பேசியது. அதிலும் புள்ளி வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டரை இஞ்ச் என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. "அரை இஞ்சுன்னா நாலு நூலு. அதைப் போய் ஐந்நூறுன்றான். பேஜாருப்பா" என்பார் ஆறுமுகம்.

ஓர் எழுத்துக்கோ எண்ணுக்கோ டேப்பின் குறுக்கே ஒரு வரிசை ஓட்டை. ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டைகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையாக வந்தால் மெஷின் சந்தேகப்பட்டு நின்றுவிடும். தனக்கு உபயோகமில்லாத எழுத்து வந்தால் நிற்காது. கல்யாண வீட்டில் வேண்டாத சொந்தக்காரரைக் கடந்து போவதுபோல் பார்க்காமல் போய்விடும். இதையும் ஹான்ஸ் ஒருநாள் சொன்னார். நாங்கள் தலையாட்டிவைத்தோம்.

சார், ஒண்ணுக்கு எங்க?

இந்த இடத்தில் என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டோன்மென்ட் பக்கம், ஒரு ரொட்டிக்கடைக்கு மாடியில் இருந்தது. ரொட்டி வேகும் வாசனையில் பசியோடு டைப் கற்றுக்கொண்டவள் நான்.

மாஸ்டர் கெடுபிடியான ஆள். கையில் மரஸ்கேல். கீபோர்டைக் குனிந்து பார்த்தால் விரலில் விழும். முதல் நாள் எண்கள் பாடம். மேல் வரிசையைத் தேடுகிறேன், இரண்டு இருக்கிறது, மூன்று இருக்கிறது, ஒன்றைக் காணோம். எழுந்து நின்று பவ்யமாகக் கேட்டேன்:

"சார், ஒண்ணுக்கு எங்க சார்?"

மாஸ்டர் தலையே நிமிராமல், "பின்னாடி, படி இறங்கி வலது கைப் பக்கம்" என்றார்.

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கேட்டது ஒன்று என்ற எண்ணுக்கு எந்தக் கீ என்று.

விஷயம் புரிந்ததும் மாஸ்டருக்கே சிரிப்பு வந்தது. அந்தக் காலத்து டைப்ரைட்டர் பலவற்றில் ஒன்றுக்குத் தனிக் கீயே கிடையாது. சின்ன எல் அடித்தால் அதுதான் ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடு. ஒரு கீ மிச்சம் என்று கம்பெனிக்காரன் கணக்குப் போட்டிருப்பான். வலது கை மோதிர விரல், நடு வரிசை. ஸ்கேல் அடி வாங்கி வாங்கி அந்த விரலுக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. இந்த ஊரில் டைப் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அப்படித்தான்.

'ஒண்ணுக்கு எங்க' என்ற பட்டப்பெயர் மட்டும் லோயர் பாஸ் செய்யும் வரை என்னை விடவில்லை.

கண் மூடிய ஓட்டைகள்

டிரில் உடைந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான். அந்த வார்ப்புக்கான டேப்பை முதலில் ஹான்ஸே அடித்திருந்தார். கீபோர்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு விரலால், கோழி கொத்துவதுபோல் அடிப்பார். அந்த டேப்பில் ஒரு வார்ப்பு ஒழுங்காக முடிந்தது. பிறகு டேப் கிழிந்துவிட்டது. ஹான்ஸ் பம்பாய் போயிருந்தார். அதே புரோகிராமைச் சரோஜா புதிதாக ஒரு டேப்பில் அடித்துக் கொடுத்தாள். அதில்தான் கிளாம்பின் தலையில் டிரில் இறங்கியது.

டேப் அடிக்கும்போதே தாளிலும் எழுத்து விழும். ராவ் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ஓர் எழுத்து மாறவில்லை. "டேப் சரி. அப்ப மெஷினை பூஜ்யத்துல நிறுத்தினது தப்பு. அது ஆபரேட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் மெமோ வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆறுமுகம் ஸ்டூலில் உட்கார்ந்து வேஸ்ட் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மூலையில கரெக்டா நிறுத்துனேன்மா. முதல் ரெண்டு ஓட்டையும் எடத்துல விழுந்திருக்கு பாருங்க. பூஜ்யம் தப்புன்னா அதுவுமில்ல கோணலாயிருக்கணும்? மூணாவதுல பன்னிரண்டரை போவணும். ரெண்டரையிலயே நின்னுட்டான்."

அது நியாயமாகப் பட்டது. கிழிந்த டேப்பைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் சரோஜாவின் டேப்பைப் பொருத்திப் பிடித்தேன். இரண்டிலும் ஓட்டைகள் ஒன்றாக இருந்தால் வெளிச்சம் வரும். வந்தது. மூன்றாவது துளைக்கான இடம் வரை வந்தேன். அங்கே மேல் டேப்பில் இரண்டு ஓட்டைகள் கண் மூடியிருந்தன. பின்னால் காகிதம். அதாவது சரோஜாவின் டேப்பில் இரண்டு ஓட்டை அதிகம்.

"ஆறுமுகம், ஒண்ணுக்கு எத்தனை ஓட்டை?"

"ஒண்ணுக்கு ஒண்ணுதான்."

"இங்க மூணு இருக்கு."

சுவரில் ஹான்ஸ் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தோம். மூன்று ஓட்டை, அதே தடங்களில். நேரே எதிரே இருந்த எழுத்து, சின்ன எல்.

ஒன்றைப் போலவே மூன்றும் ஒற்றைப்படை. மெஷின் சந்தேகப்படவில்லை. எல் அதற்கு வேண்டாத எழுத்து, பார்க்காமல் போய்விட்டது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறின் முதல் எண் காணாமல் போனால் மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டரை இஞ்ச். அங்கே கிளாம்ப் இருந்தது.

எனக்கு ரொட்டி வாசனை வந்தது, பொய் சொல்லவில்லை.

சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணுதான்டி அடிச்சேன். ஒண்ணுன்னு நெனச்சுதான் அடிச்சேன். இந்தக் கருவியில ஒண்ணுக்குத் தனியா கீ இருக்குன்னே எனக்குத் தோணலை." டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

"சொன்னா மெமோ உன் பேருக்கு மாறும். அவ்வளவுதான். கொஞ்சம் பொறு."

எனக்கு அப்போது கோபம் வந்தது. சரோஜா மேல் இல்லை. ஆறுமுகத்தை விட்டால் சரோஜா, சரோஜாவை விட்டால் நான் என்று ஆளைத் தேடும் அந்தப் பழக்கத்தின் மேல். தப்பு விரலில் இருந்தது, அதுவும் ஒருத்தர் விரலில் மட்டும் இல்லை. இதை ராவிடம் வாயால் சொன்னால் ஏறாது.

மெமோ

கணபதி ராவ் யுத்த காலத்தில் பட்டாள ஆபீசில் ஸ்டெனோவாக ஆரம்பித்து மேலே வந்தவர். தன் டைப்பிங் வேகத்தைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது சொல்வார். மெமோ ரகசிய சமாச்சாரம் என்பதால் டைப்பிங் பிரிவுக்குக் கொடுக்காமல் தானே அடிப்பது வழக்கம்.

அவர் ரூம் வாசலில் போய் நின்றேன்.

"சார், மெமோவை எங்க டேப் மெஷின்லயே அடிங்களேன். எலக்ட்ரிக். கை வச்சா ஓடும். உங்க ஸ்பீடுக்கு அதுதான் சரி. நீங்க ஒரு தடவைகூட அதுல உக்காந்ததில்லையே."

ராவ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நிஜா" என்று எழுந்து வந்தார். உண்மைதான் என்கிறார்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். டேப் ஓடும் ஸ்விட்சை நான் முன்பே போட்டுவைத்திருந்தேன். அந்த மனுஷரின் விரல்கள் அழகாக ஓடின என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மெமோ எண், தேதி, பெயர், டோக்கன் எண், குற்றம். ஆறுமுகத்தின் டோக்கன் எண்ணில் மட்டும் மூன்று ஒன்றுகள் இருந்தன. பக்கத்திலிருந்து டேப் நெளிந்து நெளிந்து இறங்கியது. ஆறுமுகம் மெஷினடியிலேயே நின்று தன் மெமோ பிறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா?" என்று தாளை உருவினார் ராவ். "ஒரு மிஸ்டேக் இல்லை."

"சார், உங்க மெமோவில ஒண்ணே இல்லையே?"

"ஏனம்மா, கண்ணு தெரியலையா? இதோ, இதோ, இதோ."

"தாள்ல இருக்கு சார். டேப்புல இல்லை." டேப்பை ஜன்னலில் பிடித்து, அட்டவணையைக் காட்டினேன். டோக்கன் எண்ணின் வரிசைகளில் விரலை வைத்தேன். மூன்று ஓட்டை. மூன்று ஓட்டை. மூன்று ஓட்டை. "இது எல்லாம் சின்ன எல் சார். ஆறுமுகம் மெஷின்லயும் இதுதான் நடந்தது. மெஷினுக்கு எல் தெரியாது, தாண்டிப் போயிடுச்சு."

ராவ் மறுபடி உட்கார்ந்தார். மோதிர விரலால் ஒரு தட்டு. மேல் வரிசையில் ஒன்றைத் தேடி, கண்டுபிடித்து, அதில் ஒரு தட்டு. தாளில் இரண்டு கோடுகள் அண்ணன் தம்பியாக நின்றன. டேப்பில் ஒரு வரிசையில் மூன்று ஓட்டை, அடுத்ததில் ஒன்று. அவர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானுமா?" என்றார்.

ஆறுமுகம் மெதுவாக, "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க சார்" என்றார். அடுத்த மெமோவுக்கு அவர் அப்போதே தயாராகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"அந்த டேப்பை யார் அடிச்சது?" என்று ராவ் கேட்டார்.

சரோஜா எழுந்தாள். "நான் சார்."

ராவ் அவளைப் பார்த்தார், கையிலிருந்த மெமோவைப் பார்த்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கூத்கோம்மா" என்றார். உட்கார் என்கிறார். "யார் அடிச்சிருந்தாலும் இதேதான்." கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் இல்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆறுமுகம் அந்த மெமோவின் டேப்பைக் கேட்டு வாங்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

கழற்றிய கீ

எங்கள் புரோகிராம் எதிலும் எல் என்ற எழுத்து வராது. மறுநாள் காலை ராவ் உத்தரவுப்படி ஆறுமுகம் ஸ்க்ரூடிரைவரோடு வந்து அந்தக் கீயைக் கழற்றி, அடியில் இருந்த கம்பியையும் அசையாமல் கட்டிவிட்டார். கொஞ்ச நாள் சரோஜாவின் விரல் அந்தப் பள்ளத்தில் போய்ப் போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கன்னடத்தில் ஏதோ திட்டிக்கொள்வாள். பிறகு விரல் திருந்தியது.

பம்பாயிலிருந்து ஹான்ஸ் வந்ததும் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டைப் தெரியாதவர் செய்ய முடியாத தப்பு அது. அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

ஊருக்குக் கிளம்புமுன் எங்கள் மூவருக்கும் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் கொடுத்தார். தானே, இரண்டு விரலால், அதே கருவியில் அடித்தார். எல் வரும் இடங்களில் கீ இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல் வந்த இடத்திலெல்லாம் ஒன்றை அடித்தார். தாளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டில் சட்டம் போட்டு மாட்டினோம். ஓட்டை போடுகிற பெண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா கோயில் ஃபாதரைக் கூட்டிவந்து காட்டினாள்.

சான்றிதழோடு இறங்கிய டேப்பையும் எடுத்து வைத்திருக்கிறேன். எப்போதாவது அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பேன். ஆங்கிலத்தில் என் பெயருக்கு நடுவில் இரண்டு எல். அந்த இடம் வந்ததும் ஓர் ஓட்டை, பக்கத்தில் இன்னோர் ஓட்டை. மெஷினைக் கேட்டால் என் பெயருக்கு நடுவில் பதினொன்று இருக்கிறது என்று சொல்லும்.

நீலசந்திராவில், பஸ் ஸ்டாப்பிலிருந்து கிழக்கே பத்து வீடு, வடக்கே மூன்று வீடு என்று எண்ணிப் போனால் வரும் ஆறுமுகத்தின் வீட்டிலும் ஒரு டேப் காலண்டர் ஆணியில் ரொம்ப வருஷம் தொங்கியது. அவர் மெமோவில் ஒன்று இல்லை, என் சான்றிதழில் எல் இல்லை. தாளில் பார்த்தால் இரண்டிலும் ஒரு குறையும் தெரியாது.